முப்பது தாண்டிய பிறகு எம்.பி.பி.எஸ்.: நீட் எந்த வருஷம் எழுதுவது?

17 ஜூன் 2025, மாலை (கேள்வி)

வயது 33. ஈரோடு பக்கம் மருந்துக் கடையில் மருந்தாளுநர், டி.ஃபார்ம். 2009-ல் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. மனைவி வேலைக்குப் போகிறார், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. டாக்டர் ஆசை இன்னும் போகவில்லை. இந்த மாதமே வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்து 2026 மே மாதம் நீட் எழுதலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் 2027 என்கிறார்கள். நண்பர்கள், "2026-ல் சும்மா எழுது, மார்க் வந்தால் வைத்துக்கொள், 2027-ல் சேர்ந்துகொள்" என்கிறார்கள். இதே வயதில் எழுதியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

17 ஜூன் 2025, இரவு

தம்பி, நண்பர்கள் சொன்னதை முதலில் தள்ளுங்கள். நீட் மதிப்பெண்ணை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. இங்கே சேர்வதற்கு அது அந்த ஒரு ஆண்டுக்குத்தான் செல்லும். 2026 மதிப்பெண்ணோடு 2027 கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

நம் வயதில் இந்தக் கணக்கை வால் பக்கத்திலிருந்து போட வேண்டும். எந்த வருஷம் சேர முடியும்? அதை முடிவு செய்யுங்கள். அந்த வருஷத்து மே மாதம்தான் உங்கள் தேர்வு. பதினேழு வயதுப் பிள்ளைக்கு எந்த வருஷம் மார்க் வருகிறதோ அந்த வருஷம் சேரலாம். நமக்கு மார்க் வருகிற வருஷமும் வீடு நம்மை அனுப்பிவைக்கிற வருஷமும் ஒன்றாக விழ வேண்டும். நாலரை வருஷம் படிப்பு, அப்புறம் ஒரு வருஷம் பயிற்சி மருத்துவர். பயிற்சி ஆண்டில் உதவித்தொகை வரும். அதற்கு முன்னால் உள்ள நாலரை வருஷமும் உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு ஓடுமா என்று பாருங்கள்.

என் கதை சுருக்கமாக. 2005-ல் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. அப்போது 300-க்குக் கட்-ஆஃப், பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. அந்த ஜூனில் நுழைவுத் தேர்வை ரத்து செய்து அரசாணை வந்தது, உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. நர்சிங் டிப்ளமோ படித்துத் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். 37 வயதில், 2024-ல், அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். இப்போது முதலாண்டு.

எந்த வருஷம் என்பதை எங்கள் வீட்டில் முடிவு செய்தது நகைக்கடன்தான். அது அடையும் வரை நான் சம்பாதிக்காமல் இருக்க முடியாது. அடைந்த பிறகு வந்த மே மாதத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் படிப்பைத் தொடங்கினேன்.

18 ஜூன் 2025, காலை

வேலையை இந்த மாதம் விடாதீர்கள். இதை நேற்றே அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

மே மாதம் தேர்வு எழுதினால் ஜூன், ஜூலையில் கல்லூரி திறந்துவிடும் என்ற நினைப்பில் நிறையப் பேர் சேமிப்பைக் கணக்குப் போடுகிறார்கள். நான் எழுதிய 2024-ஐப் பாருங்கள். மே 5 தேர்வு, ஜூன் 4 முடிவு. 1,563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண் ரத்தாகி, அவர்களுக்கு ஜூன் 23-ல் மறுதேர்வு. வினாத்தாள் கசிவு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஓடியது. தேர்வையே ரத்து செய்யத் தேவையில்லை என்ற தீர்ப்பு வந்தது ஜூலை 23-ல். அதோடும் முடியவில்லை, இயற்பியலில் ஒரு கேள்விக்கு விடை மாறி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்தைந்து மதிப்பெண் குறைந்தது. திருத்திய முடிவு ஜூலை 26. வகுப்பு அக்டோபரில்தான். 2020-ல் இன்னும் மோசம், கொரோனாவால் தேர்வே செப்டம்பர் 13, முதலாண்டு வகுப்பு 2021 பிப்ரவரியில்.

ஆக, இப்போது வேலையை விட்டால் பத்து மாதம் சம்பளம் இல்லாமல் படிக்கலாம் என்பது உங்கள் கணக்கு. வகுப்பு தொடங்கும்போது பதினைந்து பதினாறு மாதம் ஆகியிருக்கும். இடம் கிடைக்காவிட்டால் அந்த மாதங்களோடு வேலையும் போயிருக்கும்.

நான் விட்டது ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்த பிறகு. திருத்திய முடிவு வந்த அன்று பகல் டூட்டி. ஒரு தாத்தாவுக்கு டிரிப் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி போட்டு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன், கூட வேலை பார்க்கும் பெண் கதவோரம் நின்று போனைத் தூக்கிக் காட்டினாள். டிரிப் ஓடுகிற வேகத்தைச் சரிபார்த்து, சார்ட்டில் எழுதிவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்.

முழுநேரம் படித்தே ஆக வேண்டும் என்றால் ஜனவரியில் விடுப்பு எடுங்கள், அல்லது ஜனவரியில் வேலையை விடுங்கள். பாடம் புரிந்துகொள்ளும் கட்டத்துக்கு தினமும் இரண்டு மூன்று மணி நேரம் போதும், அதை வேலையோடு செய்யலாம். முழுத்தாள் எழுதிப் பழகும் கட்டத்துக்குத்தான் பகல் வேண்டும்.

18 ஜூன் 2025, இரவு

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு நீட் மூன்று ஆண்டு செல்லுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு முடிவு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. நான் சொன்னது இந்தியச் சேர்க்கைக்கு. ஈரோட்டுத் தம்பிக்குக் குழந்தை நான்கு வயது என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

22 ஜூன் 2025, ஞாயிறு

எதிலிருந்து தொடங்குவது என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். இயற்பியல். இரண்டாவது பதிலும் இயற்பியல்தான்.

மருத்துவமனை, மருந்துக் கடை, லேப் என்று வேலை பார்த்த எல்லோருக்கும் உயிரியலில்தான் கை போகும். தெரிந்த இடம், படிக்க சுகமாக இருக்கும். 360 மதிப்பெண் அங்கேதானே என்று மனசும் நியாயம் சொல்லும். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி தாவரவியல். பூக்கும் தாவரங்களின் இனப்பெருக்கம், ஒளிச்சேர்க்கை, அப்புறம் சூழலியல். வார்டில் இருபது வருஷம் நின்றாலும் இதில் ஒரு வரி தெரியாது.

தெரிந்த பாதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் அனுபவம் கேள்விக்கு விடை சொல்லாது, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் உள்ள வரிதான் சொல்லும். வார்டில் ஒரு நாள் முழுக்க வந்த சிறுநீரை அளந்து சார்ட்டில் எழுதியிருப்போம். தாளில் கேட்பது சிறுநீரகம் வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு 125 மில்லி என்பதை. மானிட்டரில் ஆயிரம் இதயத் துடிப்பு பார்த்திருப்போம். அங்கே வேண்டியது ஒரு சுழற்சிக்கு 0.8 நொடி, ஒரு துடிப்புக்கு 70 மில்லி ரத்தம். இன்னொன்று, 2024-க்குப் பாடத்திட்டத்தைக் குறைத்தபோது செரிமானப் பாடமே போய்விட்டது, உணர் உறுப்புகளும் போனது. எனக்கு நன்றாகத் தெரிந்த பாடங்கள் அவை. அதனால் மூர் மார்க்கெட்டில் பழைய கைடு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். கேட்கவே போகாத பாடத்தில் ஒரு மாதம் போய்விடும்.

மருந்தாளுநர் தம்பிக்கு வேதியியலில் இதே பொறி காத்திருக்கிறது. மாத்திரையின் வேதிப்பெயர் தெரிவதும் மோல் கணக்கு போடுவதும் வேறு வேறு.

சரி, இயற்பியல். பதினைந்து இருபது வருஷம் கணக்குப் போடாத கை. உராய்வுள்ள சாய்தளத்தில் கட்டை இறங்கும் கணக்குக்குப் படம் வரைந்து விசைகளைக் குறிப்பதற்கே எனக்குப் பல நாள் ஆனது. கால்குலேட்டர் கிடையாது, வர்க்கமூலமும் வகுத்தலும் கையில் போட வேண்டும். இந்தப் பழக்கம் அவசரத்தில் வராது. அதனால்தான் இயற்பியலை முதல் மாதத்திலேயே தொடங்கி கடைசி வரை தினமும் விடாமல் வைத்திருக்க வேண்டும். நைட் டூட்டியில் விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் வார்டு கொஞ்சம் அடங்கும். பழைய மருந்துப் பட்டியலின் பின்பக்கத்தில் ஒரே ஒரு கணக்கு எழுதிப் பாக்கெட்டில் வைத்திருப்பேன். ரவுண்டு போய்விட்டு வந்து இரண்டு வரி, மறுபடி ரவுண்டு. விடிவதற்குள் அந்த ஒன்று முடிந்தால் போதும் என்று இருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. நான் எழுதிய தாள் வேறு, நீங்கள் எழுதப்போவது வேறு. 2024-ல் 200 கேள்வி, 180-க்கு விடையளித்தால் போதும், நேரம் 200 நிமிடம். கடினமான இயற்பியல் கேள்விகளில் ஐந்தைத் தொடாமல் விட முடிந்தது. 2025-ல் பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள், 180 கேள்வி, 180 நிமிடம், விருப்பத் தேர்வு இல்லை. இந்த வருஷம் இயற்பியல் எப்படி இருந்தது என்று எழுதியவர்களைக் கேளுங்கள். 2024-ல் இறுதியாகப் பதினேழு பேர் 720 வாங்கினார்கள். இந்த மே மாதம் நாட்டிலேயே அதிகம் 686. வேகம் பற்றி என் பேச்சை அப்படியே எடுக்காதீர்கள்.

25 ஜூன் 2025

பிளஸ் டூவில் உயிரியல் இல்லாமல் கணிதம், கணினி அறிவியல் பிரிவில் படித்தவர் நீட் எழுத முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும். பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. உங்களுக்கு அந்தத் தேர்வுக்கென்று தனியாக ஒரு வருஷம் வேண்டும். இரண்டையும் ஒரே வருஷத்தில் போட்டு நெருக்காதீர்கள்.

வயது வரம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பொதுப்பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று இருந்தது. வழக்கு நடந்து 2018 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக விண்ணப்பிக்க விட்டது. 2022 மார்ச்சில் ஆணையமே வரம்பை எடுத்துவிட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. 2017-ல் தமிழ்நாட்டில் நீட் வந்தபோது நான் முப்பதைத் தொட்டிருந்தேன். அன்றைக்கு இந்தக் கதவு மூடித்தான் இருந்தது.

3 ஜூலை 2025

"சும்மா எழுதிப் பார்ப்பது" பற்றி இன்னும் யோசித்தேன். மார்க்கை வைத்துக்கொள்வதற்காக எழுதுவது வீண் என்பதில் மாற்றமில்லை. ஆனால் தேர்வறையைப் பழகுவதற்காக ஒரு முறை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. பொதுப்பிரிவுக்குக் கட்டணம் 1,700, ஓ.பி.சி.க்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1,000. வாசலில் சோதனை, கைரேகை, தேர்வு தொடங்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பது, அறையில் கொடுக்கும் பேனாவால் வட்டங்களைக் கறுப்பாக்குவது, இதெல்லாம் எந்த மாதிரித் தேர்விலும் வராது.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலையாவது முடித்திருந்தால் எழுதுங்கள். வெறுங்கையோடு போனால் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. ஒரு தப்பு விடைக்கு ஒரு மதிப்பெண் போகும் என்ற பயம் மட்டும் உடம்பில் ஏறிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். எழுதிய மார்க்கை யாரிடமும் சொல்லாதீர்கள். 2025-ல் பொதுப்பிரிவுத் தகுதி 144-தான், போன வருஷம் 162. தகுதி பெற்றவர்கள் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். நாட்டில் மொத்த எம்.பி.பி.எஸ். இடங்களே ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான், அதிலும் ஏறக்குறைய பாதி தனியாரிடம். இது தெரியாத சொந்தக்காரர்கள் "அதுதான் பாஸ் ஆகிட்டியே, ஏன் சேரலை?" என்பார்கள். அடுத்த வாரமே "கடன் வாங்கித் தனியாரில் சேர்த்துவிடு" என்று உங்கள் மனைவியிடம் போய்ப் பேசுவார்கள். சம்பாதிக்கிற வயதில் அந்தக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்வது உங்கள் பெண்ணின் படிப்பையும் சேர்த்துப் பிடிக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பழகுவதற்கு எழுதிய வருஷத்தில் கலந்தாய்வுக்குப் பதிவே செய்யாதீர்கள். அகில இந்தியக் கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் இடம் ஒதுக்கிச் சேராமல் போனால் அடுத்த தேர்வு எழுதத் தடை வரும். நீங்கள் குறித்து வைத்த வருஷமே போய்விடும்.

11 ஜூலை 2025

"இந்த வயசுல ஒரு சின்னப் பையனோட சீட்டைப் பிடுங்கறது சரியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறார். அதனால் உண்மையாகவே பதில்.

2022 ஜனவரியில் தருமபுரி மாவட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 61 வயது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வரை வந்தார். வந்தவர் ஒரு மாணவருக்குப் போகட்டும் என்று இடத்தை விட்டுக்கொடுத்தார். அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு, 2020 முடிவில், ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 64 வயதில் புர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன். ஆசிரியர் செய்தது பெரிய மனசு. ஆனால் அதை எடுத்து 33 வயதுக்காரர் முன்னால் அளவுகோலாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை. இவர் 40 வயதில் மருத்துவராக வெளியே வந்தால் முன்னால் இருபது, இருபத்தைந்து வருஷம் இருக்கிறது.

என் வகுப்பில் படித்தவர்களில் நன்றாகப் படித்த பெண்கள் இருந்தார்கள். டியூஷன் போக வழியில்லை. நுழைவுத் தேர்வுக்கென்று தனிப் புத்தகம் உண்டு என்பதே எங்களுக்கு மார்ச்சில்தான் தெரியும். இரண்டு பேருக்குப் படிப்பு முடியும் முன்பே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பதினேழு வயதில் வரிசையில் நிற்கவே முடியாதவர்கள் முப்பத்தைந்தில் வந்து அதே தாளை எழுதி, அதே தரவரிசையில் நின்று இடம் வாங்கினால் அது யாருடையதையும் பிடுங்குவது ஆகாது. எனக்கு வயதுக்கென்று ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போடவில்லை.

நீட்டே வேண்டாம் என்கிற வாதம் இந்த மாநிலத்தில் வலுவாக இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. நான் படித்த மாதிரிப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளை அது எவ்வளவு நசுக்கியது என்று பார்த்திருக்கிறேன். 7.5 வரவில்லையென்றால் நானும் இங்கே இல்லை. அதைத் தனியாகப் பேசலாம். தேர்வு இருக்கிற வரை எழுதித்தான் ஆக வேண்டும்.

12 ஜூலை 2025

கேட்டவர் நல்லபடியாகப் பதில் எழுதியிருக்கிறார், நன்றி. வீட்டில் இதை வாசித்துக் காட்டினேன். பையன், "அம்மா, நீ டாக்டரானாலும் நான் வேற டாக்டர்கிட்டதான் போவேன், நீ ஊசி போட்டுடுவே" என்கிறான்.

ஈரோட்டுத் தம்பி, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா? அதைச் சொல்லவே இல்லையே. அப்படியென்றால் உங்கள் கணக்கே மாறும். அந்த ஒதுக்கீட்டுக்குத் தனித் தரவரிசை, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வயதானவர்களுக்கு இல்லை என்று அதில் எங்கும் கிடையாது.

27 ஜூலை 2025

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான் என்று சொல்லிவிட்டார். சந்தோஷம். அப்படியானால் காகித வேலையை இப்போதே தொடங்குங்கள். நம் வயதில் படிப்பை விடக் காகிதம்தான் காலத்தைத் தின்னும்.

பள்ளிச் சான்று. படித்த பள்ளிகள் எல்லாவற்றிலும் வாங்க வேண்டும். நான் படித்த நடுநிலைப் பள்ளி தரம் உயர்ந்து வேறு கட்டடத்துக்குப் போயிருந்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர், பீரோவுக்கு மேலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரம் அரித்திருந்தது, என் வரிசை தப்பியிருந்தது. பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தில் அப்பாவின் கைநாட்டு. ஊதா மை, பாதி பக்கத்து வரிசையில் ஏறியிருந்தது. அன்று அந்தத் தலைமையாசிரியர் விடுப்பில் இருந்திருந்தால் இன்னொரு தடவை அலைந்திருப்பேன். கோடை விடுமுறையில் போனால் பள்ளியில் ஆளே இருக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் போய்விடுங்கள்.

பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். கல்யாணமான பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு இது இருக்கும். விண்ணப்பம் பிப்ரவரி வாக்கில் திறக்கும். அப்போது ஆதார் திருத்தப் போய் நின்றால் தூக்கம் போய்விடும். மழைக்காலத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஓ.பி.சி. சான்று. கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்குப் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீதத்துக்கு மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லை என்ற சான்று வேண்டும், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக. கல்யாணமான பெண்களும் அப்பா வழியில்தான் வாங்க வேண்டும். அப்பா இல்லாவிட்டால் அவருடைய பழைய ஆவணங்களைத் தேடி எடுக்கவே நாள் ஆகும்.

கடைசியாக, அசல் சான்றிதழ்கள். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நர்ஸ்களின் அசல் மதிப்பெண் பட்டியலைச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேலையை விடுகிறேன் என்று சொல்லாமல் அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. பெயர் திருத்தத்துக்குத் தேவை என்று எழுதிக் கொடுத்து வாங்கினேன், உண்மையிலேயே அதற்கும் தேவைப்பட்டது. உங்கள் அசல் யார் கையில் இருக்கிறது? தேர்வு எழுதும் முன்பே அது உங்கள் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும்.

9 ஆகஸ்ட் 2025

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் சகோதரிக்கு: அங்கேயே தேர்வு மையம் உண்டு, ஊருக்கு வர வேண்டியதில்லை. இங்கே மதியம் 2 மணி என்றால் உங்களுக்குப் பன்னிரண்டரை. ஆனால் கலந்தாய்வுக்கு வந்துதான் ஆக வேண்டும், ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று பார்த்து அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மதியம் 2 மணி என்பதைப் பற்றி எல்லோருக்கும் சொல்கிறேன். தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிறு, கத்திரி தொடங்குகிற நேரம். 2 முதல் 5. வருஷக்கணக்கில் நைட் டூட்டி பார்த்த உடம்புக்கு அது உறங்கும் நேரம். ஜனவரியிலிருந்து ஞாயிறு மதியம் அதே மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுத்தாள் எழுதுங்கள். ஃபேன் இல்லாமல் சில தடவை எழுதிப் பாருங்கள். ஞாயிறு என்றால் கல்யாணம், காதுகுத்து, கிடா வெட்டு எல்லாம் வரும். தை பிறந்த பிறகு எதற்கும் போகமாட்டேன் என்று பொங்கலன்றே சொந்தத்தில் சொல்லிவிடுங்கள், அப்புறம் வருத்தம் வராது. மெட்டி, கொலுசு, தோடு எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு சாதாரணச் செருப்போடு போங்கள். ஒன்றரைக்கு வாசலை மூடிவிடுவார்கள்.

44 வயது அக்கா ஒருவர் மாதிரித் தேர்வில் விடைத்தாளில் வரிசை மாறிப்போகிறது என்று எழுதியிருந்தார். அக்கா, முதலில் கண்ணைக் காட்டுங்கள். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வரும். கேள்வி ஒரு தூரம், விடைத்தாள் ஒரு தூரம், கண் மாறி மாறிப் பார்த்துக் களைத்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதலாம். புதுக் கண்ணாடி என்றால் மார்ச்சுக்குள் வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். பத்துக் கேள்விக்கு ஒரு தடவை நிறுத்தி, எண்ணும் வட்டமும் பொருந்துகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

28 செப்டம்பர் 2025

பதில் போட முடியவில்லை, பல்கலைக்கழகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும். "உள்ளே போனபின் சமாளிக்க முடியுமா" என்று கேட்டவருக்கு: முதலாண்டை நான்கு முயற்சிக்குள் தாண்ட வேண்டும், சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். வருகை வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் வயது பதினெட்டு. உடற்கூறியலில் எனக்கு அவள்தான் சொல்லித்தருகிறாள், நோயாளியிடம் பேசுவது எப்படி என்று நான் சொல்லித்தருகிறேன்.

16 நவம்பர் 2025

ஈரோட்டுத் தம்பி முடிவு செய்துவிட்டார். 2027 மே தான் தேர்வு. வேலையில் தொடர்கிறார், 2026-ல் பழகுவதற்கு மட்டும் எழுதுவார், 2027 ஜனவரியில் விடுப்பு. அதற்குள் வீட்டுக் கடனில் ஒரு பகுதி அடைந்துவிடும், குழந்தை ஒன்றாம் வகுப்புக்குத் தயாராகிவிடும், மனைவி அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றல் கேட்டிருக்கிறார். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆசைப்படுகிறவர் இவர் என்றாலும் ஐந்தரை வருஷத்தைச் சுமக்கப்போவது அந்தப் பெண்ணும் சேர்ந்துதான். தேதியை அவர்கள் சேர்ந்து குறித்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் கேட்டிருந்தார், பழகுவதற்கு எழுதும்போது தமிழ் வினாத்தாளா, ஆங்கிலமா என்று. 2027-ல் எதில் எழுதப்போகிறீர்களோ அதிலேயே. தமிழைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மொழியிலும் கேள்வி இருக்கும், மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதுதான் இறுதி. நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழ் வினாத்தாள் வாங்கினேன், இயற்பியலில் நீளமான கேள்வி வந்தால் தமிழில் ஒரு தடவை வாசித்துக்கொள்ள வசதியாக இருந்தது. விண்ணப்பம் திறந்தவுடன் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள், அஞ்சல் அட்டை அளவு புகைப்படமும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.